வேப் ஒத்துக்கொள்ளவில்லையா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிகரெட் பழக்கத்தோடு பிரிட்டனுக்கு வருபவர்களில் பலர் சில மாதங்களுக்குள் வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, மாறிவிடுகிறார்கள். சிகரெட் விலை தாங்காது. வாடகை அறைக்குள் புகைக்க முடியாது. அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் புகை நிறுத்த ஆலோசகர்களும் சிகரெட்டை நிறுத்துவதற்கு வேப் ஒரு வழி என்று சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இது முற்றிலும் புதிய பொருள். அங்கே 2019 முதல் இ-சிகரெட் விற்பனைக்கே தடை என்பதால், வேப் திரவக் குப்பியில் என்ன இருக்கிறது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்திருக்காது.

மாறிய சில நாட்களில் தொண்டை எரிச்சல், வறட்டு இருமல், உதடு வெடிப்பு, தலைவலி என்று ஏதாவது ஒன்று தொடங்கும். உடனே மாம்பழத்தை விட்டுப் புதினா, அதை விட்டு வேறொரு பழம் என்று சுவையை மாற்றிக்கொண்டே போகிறார்கள். இதில் எதுவும் தெரிய வராது. சுவையை மாற்றும்போது கூடவே திரவத்தின் அடிப்படைக் கலவையும் நிகோடின் அளவும் இனிப்பூட்டியும் மாறிவிடுகின்றன. எது தொந்தரவு தந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். சிகரெட்டே பிடிக்காதவர் வேப்பைத் தொட எந்தக் காரணமும் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் சிகரெட்டை நிறுத்துவதற்காக இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மட்டும்.

முதலில், வேப்பின் மேல் பழி போடக்கூடாதவை சில உண்டு. சிகரெட்டை நிறுத்தினாலே முதல் சில வாரங்கள் இருமல் கூடும், வாயில் புண் வரும், தூக்கம் கெடும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதும், உடல் நிகோடின் குறைவுக்குப் பழகுவதும் இதற்குக் காரணம். இன்னொன்று பலருக்கும் தெரியாது: புகையிலைப் புகை, காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். வழக்கமாகக் குடிக்கும் அளவே இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதைப் பாதியாகக் குறைத்துப் பார்த்த பிறகே வேப்பைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்காலத்தில் நாள் முழுக்க ஹீட்டர் ஓடும் அறையின் காற்றும் வறண்டிருக்கும். ஈரப்பதமான வெப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு வேப் இல்லாமலேயே மூக்கும் தொண்டையும் காயும்.

இவற்றைக் கழித்த பிறகும் தொந்தரவு இருந்தால் குப்பிக்கு வரலாம். உள்ளே இருப்பவை நான்கு: புரோப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின், நிகோடின், சுவையூட்டி. முதல் இரண்டையும் கடைகளில் பிஜி, விஜி என்பார்கள்.

பெரும்பாலான புகார்கள் பிஜியில் தொடங்குகின்றன. அது நீரை இழுக்கும் தன்மை உள்ளது. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி வறட்சியும் கரகரப்பும் தருகிறது. இது எரிச்சல்தானே தவிர ஒவ்வாமை இல்லை. தண்ணீர் அதிகம் குடித்து, பிஜி விகிதத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். உண்மையான பிஜி ஒவ்வாமையும் உண்டு. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2018-ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக பிஜியைத்தான் அறிவித்தது. தலைமுடிக்குப் போடும் மினாக்ஸிடில் திரவத்திலும், சில ஸ்டீராய்டு களிம்புகளிலும், அழகுசாதனப் பொருட்களிலும் அது இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்று முன்பே அரிப்போ சிவப்புத் தடிப்போ தந்திருந்தால், அந்தத் தகவலை ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவர்) மறக்காமல் சொல்லுங்கள். தோல் மருத்துவரிடம் அனுப்பி, முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் மூலம் உறுதி செய்ய முடியும்.

விஜியைக் கூட்டினால் தொண்டைக்கு இதம். ஆனால் அது கெட்டியானது. சின்னப் பாட் கருவிகளில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான ‘காயில்’, பிஜியும் விஜியும் பாதிக்குப் பாதி உள்ள 50/50 கலவைக்காகச் செய்யப்பட்டது. அதில் 70 சதவீதத்துக்கு மேல் விஜி உள்ள திரவத்தை ஊற்றினால், காயிலைச் சுற்றியுள்ள பஞ்சுக்குத் திரவம் போதிய வேகத்தில் ஏறாது. குளிரில் நிறுத்திய காரிலோ கோட் பையிலோ இருந்தால் இன்னும் மெதுவாகும். பஞ்சு காய்ந்து கருகும்போது ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. அந்தச் சுள்ளென்ற கருகல் வாடையை விஜி ஒவ்வாமை என்று நினைப்பவர்கள் நிறைய. விஜி அதிகம் வேண்டுமென்றால் அதற்கேற்ற பெரிய துளையுள்ள, மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவான காயில் உள்ள கருவி வேண்டும். எந்தக் காயிலானாலும் புதிதாகப் போட்டதும் திரவம் நிரப்பிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். விஜி அதிகமானால் சிலருக்குச் சளி கட்டியது போல நெஞ்சு கனக்கும். அவர்கள் விஜி 60, பிஜி 40 என்ற கலவைக்கு இறங்கிப் பார்க்கலாம்.

பிஜியே ஆகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குப்பியில் விஜி அதிகம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், சுவையூட்டிகளில் பல பிஜியில் கரைத்தவை. பிஜி-ஃப்ரீ என்றே எழுதியிருக்க வேண்டும். சிலர் பிஜிக்குப் பதிலாக புரோப்பேன்டயால் சேர்த்த திரவத்துக்கு மாறுகிறார்கள்.

நிகோடினில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவில்தான். பிரிட்டனில் சட்டப்படி உச்சம் ஒரு மி.லி.க்கு 20 மி.கி., அதாவது 2 சதவீதம். ஒரு நாளுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவருக்கு அது சரியாக இருக்கலாம். ஐந்தாறு சிகரெட் பிடித்தவருக்கு 6 அல்லது 10 போதும். தலைசுற்றல், குமட்டல், விக்கல், மேல்நெற்றியில் தலைவலி ஆகியவை அதிக நிகோடினின் அடையாளம். பெரிய ஆவி தரும் கருவியில் 20 மி.கி. நிக் சால்ட்டை (அமிலம் சேர்த்த நிகோடின்) ஊற்றினால் இது நிச்சயம் நடக்கும். அந்தக் கருவிக்கு 3 மி.கி. போதும். குறைவாகப் போனாலும் சிக்கல்தான்: ஏக்கம் அடங்காமல் விடாமல் இழுப்பீர்கள், தொண்டை புண்ணாகும், கடைசியில் சிகரெட்டுக்கே திரும்புவீர்கள். அமிலம் சேராத ஃப்ரீபேஸ் நிகோடின் தொண்டையில் உறைக்கும். நிக் சால்ட்டில் பென்சாயிக் அமிலம் போன்ற ஓர் அமிலம் சேர்ந்திருப்பதால் உறைப்பு குறைவு. பென்சோயேட் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஃப்ரீபேஸைக் குறைந்த அளவில் பார்க்கட்டும்.

சுவையூட்டிதான் உண்மையில் சிக்கலான இடம். ஒரு திரவத்தில் பத்து இருபது வேதிப்பொருட்கள் இருக்கலாம். உணவில் பாதுகாப்பானது என்ற சான்று வயிற்றுக்கானது, நுரையீரலுக்கு அது பொருந்தாது. லவங்கப்பட்டைச் சுவையின் சின்னமால்டிஹைடு கடுமையான எரிச்சலூட்டி. திரவம் நிரப்பும் சில பிளாஸ்டிக் டேங்குகளையே வெடிப்புவிடச் செய்யும். எலுமிச்சைச் சுவையின் சிட்ரால், செர்ரியின் பென்சால்டிஹைடு ஆகியவையும் பலருக்கு ஆகாது. வெனிலின், சின்னமால்டிஹைடு, பென்சால்டிஹைடு போன்றவை குப்பியில் இருக்கும்போதே பிஜியோடு வினைபுரிந்து அசிட்டால் என்னும் புதிய சேர்மங்களாகின்றன. இவை மூலப்பொருளை விட அதிகம் எரிச்சல் தரக்கூடும்.

மென்தாலும் டபிள்யூஎஸ்-23 போன்ற குளிரூட்டிகளும் தொண்டையை மரத்துப்போகச் செய்யும். எரிச்சல் தெரியாது, ஆழமாக இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி காயிலில் கருப்பாகப் படியும். இரண்டு வாரம் வர வேண்டிய காயில் சில நாளில் கருகும். இனிப்பான திரவத்தால் இருமல் வந்தால் முதலில் காயிலைக் கழற்றிப் பாருங்கள்.

வெண்ணெய், கஸ்டர்ட், கிரீம் வகைகளில் பேசவேண்டியது டையசிட்டைல். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரியில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களிடம் கண்டறியப்பட்ட, சிறு மூச்சுக்குழாய்களைத் தழும்பாக்கி அடைத்துவிடும் நோய்க்கு வெண்ணெய்ச் சுவையின் ஆவியே காரணமெனத் தெரிந்தது. அதில் முக்கியப் பொருள் இதுதான். பிரிட்டனில் நிகோடின் திரவத்தில் டையசிட்டைல் சேர்க்கத் தடை உண்டு. ஆனால் அசிட்டாய்ன் என்ற அதன் உறவுப் பொருள், நாள்பட வைத்திருந்தால் டையசிட்டைலாக மாறக்கூடும். கிரீம் சுவைகளை வாங்கிக் குவித்து வைக்காதீர்கள். மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் அந்த வகையையே தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை நேரடியானது. கருவியைக் கழுவி, புதுக் காயில் போட்டு, சுவையே இல்லாத 50/50 திரவத்தை உங்கள் வழக்கமான நிகோடின் அளவில் மூன்று நாள் பயன்படுத்துங்கள். தொந்தரவு நின்றால் குற்றவாளி சுவையூட்டி அல்லது இனிப்பூட்டி. ஒரே ஒரு பழச் சுவை, குளிர்ச்சி சேராதது, மறுபடி மூன்று நாள் என்று ஏறிப் போகலாம். தொந்தரவு நிற்கவில்லை என்றால், சுவையில்லாத திரவத்திலேயே விஜியைக் கூட்டிப் பாருங்கள், அதற்கேற்ற கருவியோடு. அதுவும் உதவாவிட்டால் நிகோடின் அளவைக் குறைத்து, குறையும் பகுதியைத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையால் ஈடுகட்டுங்கள். தேதி, திரவம், காயில், அறிகுறி ஆகியவற்றைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள்; மருத்துவருக்கும் அதுதான் முதலில் பயன்படும்.

உதட்டைச் சுற்றி மட்டும் தடிப்பு வந்தால் திரவத்தைச் சந்தேகிக்கும் முன் வாய்வைக்கும் பகுதியைப் பாருங்கள். உலோகமாக இருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோடோ வாட்ச் பட்டையோ அரித்த அனுபவம் உண்டா? பிளாஸ்டிக் மவுத்பீஸ் போடுங்கள். காயில் கம்பிகளிலும் நிக்ரோம், எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு) ஆகிய உலோகக் கலவைகளில் நிக்கல் உண்டு, காந்தால் என்ற கலவையில் இல்லை.

இனி, எதை வாங்குவது. நிகோடின் உள்ள திரவக் குப்பி 10 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது, டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது. பெட்டியில் பொருட்களின் பட்டியல், தொகுதி எண், நிகோடின் எச்சரிக்கை மூன்றும் வேண்டும். நிறமூட்டிக்கு இங்கே தடை. நீலமோ பச்சையோ தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மங்கிய பழுப்பு நிறம் வேறு: நிகோடின் காற்றுபட்டு நிறம் மாறுவது அது. உறைப்பும் மிளகு வாடையும் கூடினால் கொட்டிவிடலாம். எம்எச்ஆர்ஏ என்ற அரசு அமைப்பிடம் பதிவான பொருட்களின் பட்டியலை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் வேப்புகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் சட்டவிரோதம். தெரிந்தவர் ஒருவர் கார் டிக்கியிலிருந்து எடுத்துத் தருவதும் இதில்தான் சேரும்.

ஒவ்வாமை உள்ளவர் பெட்டியில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கி லினலூல், லிமோனீன், சிட்ரால் என ஏதாவது ஒரு பெயர் வந்து, ‘மே ப்ரொட்யூஸ் ஆன் அலர்ஜிக் ரியாக்ஷன்’ என்று முடியும். வாசனைத் திரவியம் ஆகாதவர்களுக்கு இந்த ஒரு வரி பல வாரச் சோதனையை மிச்சப்படுத்தும்.

பெரிய குப்பிகள், அதாவது நிகோடினை நாமே சேர்க்க இடம் விட்டு விற்கும் ஷார்ட்ஃபில், நிகோடின் இல்லாதவை. அதனால் மேலே சொன்ன பதிவு விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது. தரம் முழுக்கத் தயாரிப்பாளரைப் பொறுத்தது. 50 மி.லி. திரவத்தில், ஒரு மி.லி.க்கு 18 மி.கி. உள்ள நிகோடின் ஷாட் (சேர்ப்பதற்கான சிறு நிகோடின் குப்பி) ஒன்றை (10 மி.லி.) ஊற்றினால் மொத்தம் 180 மி.கி., 60 மி.லி.யில் பரவி ஒரு மி.லி.க்கு 3 மி.கி. ஆகும். ஷாட்டின் அடிப்படையையும் கவனியுங்கள். 70/30 விஜி திரவத்தில் 50/50 ஷாட் சேர்த்தால் பிஜி 33 சதவீதமாகிறது. முழு விஜி ஷாட் சேர்த்தால் 25.

எந்த எண்ணெயையும், மூலிகைச் சாற்றையும், தைலத்தையும் சேர்க்கவே கூடாது. எண்ணெய் நுரையீரலில் தங்கினால் நிமோனியா போன்ற அழற்சி வரும். அமெரிக்காவில் 2019-இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேரை மருத்துவமனைக்கு அனுப்பி, 68 பேரைக் கொன்ற பாதிப்புக்கு, கஞ்சாச் சாறு கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தில் ஊற்றிய விட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப்பொருளே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

உதடு, நாக்கு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். காய்ச்சலோடு மூச்சுத்திணறல் என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். வேப் பிடிப்பதை மறைக்காதீர்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமென்றால் முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், என்எச்எஸ்ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, மனநலத்துக்கு ஓலான்சபைன் அல்லது குளோசபைனோ எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், புகை நின்றதும் அந்த மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறும். குழந்தைகள் உள்ள வீட்டில் குப்பியைப் பூட்டி வையுங்கள்: 20 மி.கி. வகையின் ஒரே குப்பியில் 200 மி.கி. நிகோடின் இருக்கிறது.

வேப் எந்த வடிவத்திலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒட்டும் பட்டை, நிகோடின் கம், 2024 முதல் இங்கே மருந்துச்சீட்டில் கிடைக்கும் சைட்டிசின் மாத்திரை ஆகியவற்றைப் பற்றி உள்ளூர் புகை நிறுத்தச் சேவையில் கேளுங்கள். தொந்தரவு தந்த திரவத்தைத் தூக்கிப்போடும் முன் பெட்டியைப் படம் எடுத்து, தொகுதி எண்ணோடு பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான எம்எச்ஆர்ஏயின் யெல்லோ கார்ட் இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள். விடுமுறைக்கு இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் கருவியையும் குப்பியையும் இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும். இந்தியச் சட்டம் இறக்குமதியையும், சிங்கப்பூர்ச் சட்டம் கையில் வைத்திருப்பதையுமே குற்றமாக்குகின்றன. பயண நாட்களுக்கு ஒட்டும் பட்டையை முன்கூட்டியே பழகிக்கொண்டால் சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்காது.