சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் முகம் எடுக்கும்போது

சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் கூர்மையான பிம்பத்தின்மேல் மெல்லிய ஒளிப்படலம் படரவைப்பது. அதில் எடுத்த நல்ல படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிமை முடிகள் தனித்தனியாகத் தெரியும். தெரியாவிட்டால் ஃபோகஸ் தவறிவிட்டது என்றே பொருள். லென்ஸின் நடுவே நுழையும் கதிர்கள் குவியும் இடம் ஒன்று. ஓரமாக நுழைபவை அதற்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். கோளப் பிறழ்ச்சி எனப்படும் இந்தக் குறையை மற்ற லென்ஸ்களில் திருத்துவார்கள், இதில் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். நடுக்கதிர்கள் கூர்மையான பிம்பத்தைத் தருகின்றன, ஓரக்கதிர்கள் அதன்மேல் ஒளிப்படலம் போர்த்துகின்றன. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அழகு.

ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சரைச் சுருக்கினால் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்) ஓரக்கதிர்கள் தடுக்கப்பட்டு, படலமும் மறையும். 1987இல் வந்த கேனான் 135 எம்எம் எஃப் 2.8 லென்ஸில் 0, 1, 2 என்று மென்மைக்குத் தனி வளையமே உண்டு. அதை 2இல் வைத்தாலும் எஃப் 2.8இல் கிடைக்கும் படலம் எஃப் 4இல் வெகுவாகக் குறைந்து, எஃப் 5.6ஐத் தாண்டினால் ஏறக்குறைய இல்லாமல் போகும். முகம் மட்டும் படச்சட்டத்தை நிறைக்கும்போது முழுத் திறப்பு தாங்கும். முழு உருவம் எடுக்கையில் முகம் சிறிதாகிவிடுகிறது, படலத்தின் அகலமோ அப்படியேதான் இருக்கிறது. அப்போது அரை ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) சுருக்காவிட்டால் கண்கள் கரைந்துவிடும்.

ஃபோகஸில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப் 4க்குச் சுருக்கினால் கூர்மையான தளம் பின்னால் நகர்ந்து கண்ணைத் தாண்டிவிடும். எடுக்கப்போகும் அப்பர்ச்சரை முதலில் வையுங்கள். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கருவிழியில் விழும் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வளையத்தை மெல்லத் திருப்பும்போது அந்தப் புள்ளி மிகச் சிறிதாகி, சுற்றிலும் படலம் சமமாகப் பரவும் இடமே சரியான இடம். கான்ட்ராஸ்ட் குறைவாக இருப்பதால், கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை இங்கே நம்ப முடியாது.

ஆனால் லென்ஸைவிட ஒளிதான் இந்தப் படத்தைத் தீர்மானிக்கிறது என்பேன். நிழலில்லாத தட்டையான வெளிச்சத்தில் எல்லாப் பகுதியிலிருந்தும் ஒரே அளவு ஒளி கசிவதால், முகமெங்கும் சாம்பல் பூசியதுபோல் ஆகும். படலம் வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்குள் வழிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். நிழலையும் அதுவே வெளுக்கச் செய்யும் என்பதால், முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் வழக்கமாக மூன்றுக்கு ஒன்று என்று வைக்கும் விளக்கு விகிதத்தை ஐந்துக்கு ஒன்றுவரை கொண்டுபோகலாம். முடிக்குப் பின்னாலிருந்து விழும் விளக்கை ஒரு ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் தோளின் விளிம்பே காணாமல் போகும். வெள்ளைச் சட்டையும் நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பும் இதே தொல்லையைத் தரும். பளபளப்பை பவுடர் தொட்டு அடக்கலாம். எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்வரை குறைத்து எடுப்பது பாதுகாப்பு.

கைகளைக் கவனிக்க வேண்டும். இந்த லென்ஸ்களில் பின்னணி வழவழப்பாகக் கரையும். ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவையோ இரட்டைக் கோடுகளாக உடைந்து உறுத்தும். கன்னத்தில் வைத்த கை கேமராவை நோக்கி நீளாமல் முகத்தின் தளத்திலேயே இருக்கட்டும். ரோடன்ஸ்டாக் இமாகோன் போலத் துளைத்தட்டு போடும் லென்ஸானால், பின்னணியில் மின்னும் புள்ளிகள் அந்தத் துளைகளின் வடிவத்தையே காட்டும். அங்கே எளிய, இருண்ட பின்னணிதான் நல்லது.

கணினியில் மங்கலாக்கிய அடுக்கைச் சேர்த்து இதே தோற்றத்தைப் பெறலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். கோப்பில் வெளுத்துப்போன சட்டையும் எரியும் விளக்கும் ஒரே வெள்ளைதான், மென்பொருள் இரண்டுக்கும் ஒரே அளவு படலம் போடும். லென்ஸோ உண்மையான பிரகாசத்துக்கு ஏற்பப் போடுகிறது.

அதே சமயம், லென்ஸ் பதித்த படலத்தைக் கோப்பிலிருந்து சுத்தமாக எடுக்க வழியில்லை. இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் கருமையாக்கலாம். மென்பொருளில் விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியை ஏற்றினால் தோல் கறைபட்டதுபோல் ஆகும். எனவே ஒளியமைப்பை மாற்றும்போதெல்லாம், எஃப் 8இல் கூர்மையான படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.