மெர்த்தர் வடக்கே போன கதை: நான்-லீக் ரசிகரின் வெளியூர்ப் பயணக் கணக்கு

மெர்த்தர் டிட்வில் தெற்கு வேல்ஸில், கார்டிஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர். அந்த ஊரின் கால்பந்து அணி மெர்த்தர் டவுன். 2024-25 பருவத்தில் சதர்ன் லீக் பிரீமியர் சவுத் பிரிவில் முதலிடம் பிடித்து, ஒரு படி மேலே போனது. போய்ச் சேர்ந்த இடம் நேஷனல் லீக் நார்த். தெற்குப் பிரிவில் ஜெயித்த அணிக்கு வடக்குப் பிரிவில் இடம். அந்தப் பருவம் வரை டார்செட், ஹாம்ப்ஷயர், டெவன் என்று சுற்றிய ரசிகர்கள், அடுத்த ஆகஸ்டிலிருந்து டார்லிங்டன், ஸ்பென்னிமோர், ஸ்கார்பரோ, சவுத் ஷீல்ட்ஸ் என்று வரைபடத்தின் மேல் மூலையைத் தேட வேண்டியதாயிற்று.

மேலே ஏறினால் பயணம் நீளும், கீழே இறங்கினால் சுருங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, வடக்கு எங்கே முடிந்து தெற்கு எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு மே மாதமும் எஃப்.ஏ. (இங்கிலாந்தின் கால்பந்து சங்கம்) போடும் கோடு. அந்தக் கோடு உங்கள் அணி எப்படி ஆடியது என்பதைப் பார்த்து விழுவதில்லை.

அடுக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தில் மேல் நான்கு பிரிவுகளில் 92 அணிகள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். அதன் முதல் படி நேஷனல் லீக். 24 அணிகள், நாடு முழுக்க ஒரே பிரிவு. இரண்டாம் படியில் நார்த், சவுத் என இரண்டு, ஒவ்வொன்றிலும் 24 அணிகள். மூன்றாம் படியில் நான்கு பிரிவுகள் (சதர்ன் லீக் பிரீமியர் சவுத், இஸ்த்மியன் லீக் பிரீமியர் எல்லாம் இங்கேதான்), நான்காம் படியில் எட்டு. கீழே போகப் போகப் பிரிவுகள் கூடும், வட்டாரம் சுருங்கும், பயணமும் சுருங்கும்.

இப்போது மெர்த்தர் கணக்கு. 2025 மே மாதம் நேஷனல் லீக் சவுத்திலிருந்து ட்ரூரோவும் போர்ஹாம் வுட்டும் மேலே போயின. நான்கு அணிகள் கீழே போயின. மிச்சம் 18. மேலிருந்து இறங்கிய நான்கில் டாகன்ஹாம், மெய்டன்ஹெட், எப்ஸ்ஃப்ளீட் மூன்றும் லண்டனும் அதன் சுற்றுவட்டாரமும். அவற்றை எங்கே வைத்துப் பார்த்தாலும் தெற்குதான். ஆக 21. கீழிருந்து ஏறிய எட்டில் டோவர், ஹார்ஷம், டாட்டன் மூன்றும் தென்கடற்கரைப் பக்கத்து அணிகள். 24 நிரம்பிவிட்டது. வடக்குப் பிரிவிலும் 18 மிச்சம்; மேலிருந்து இறங்கி வந்தது ஃபைல்ட் ஒன்றுதான். அங்கே காலியான ஐந்து இடங்களில் மேக்கல்ஸ்ஃபீல்ட், வொர்க்ஸாப், டெல்ஃபோர்ட் போக மீதி இரண்டில் பெட்ஃபோர்டும் மெர்த்தரும் போய் உட்கார்ந்தன. மேலிருந்து இறங்கிய அணிகளில் வடக்கத்தி அணி இன்னும் ஒன்று இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். ஏப்ரல் மாதக் கடைசி வாரங்களில் தன் அணியின் புள்ளிகளோடு, ஒரு படி மேலே வால்பகுதியில் தத்தளிப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றும் அனுபவப்பட்ட ரசிகர்கள் கவனிப்பது இதனால்தான்.

மெர்த்தர் முதல் பலி அல்ல. லண்டனுக்கு வடகிழக்கே, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட், 2023-இல் இஸ்த்மியன் லீகை வென்று ஏறியபோது அதையும் வடக்கில்தான் போட்டார்கள். ஒரே பருவத்தில் திரும்ப இறங்கியது. அடுத்த வருஷம் சஃபோக் மாவட்டத்து நீடம் மார்க்கெட்டுக்கும் அதே கதை, அதே ஒரு வருஷ வாசம். பகுதிநேரமாக ஆடும் வீரர்கள் செவ்வாய் மதியம் வேலையிலிருந்து கிளம்பி இருநூறு மைல் பஸ்ஸில் போய் ஆடினால் கால் எப்படி ஓடும்?

மெர்த்தரிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் ஏறத்தாழ 300 மைல், அதாவது 480 கிலோமீட்டர். சாலை வழி என்றால் ஏ465-இல் அபர்கவென்னி, பிறகு ராஸ் பக்கம் போய் எம்50, எம்5, எம்42, எம்1, கடைசியில் ஏ1. ரயிலில் போவதாக இருந்தால் ஒரு கடுப்பு: மெர்த்தர் ரயில் பாதை அந்த ஊரோடு முடிகிறது. வடக்கே போக முதலில் ஒரு மணி நேரம் தெற்கே கார்டிஃபுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து நியூகாசில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். பிறகு மெட்ரோ. சவுத் ஷீல்ட்ஸ் என்று பெயர் பார்த்துக் கடைசி ஸ்டேஷன் வரை போய்விட வேண்டாம். மைதானத்துக்குப் பக்கம் பீட் ஸ்டேஷன், அங்கே இறங்கி நடந்தால் போதும். மூன்று மணி ஆட்டத்துக்குக் காலையில் வீட்டிலிருந்து ரயில் ஏறி வந்து சேர்வது சூதாட்டம். முந்தின இரவே நியூகாசிலில் தங்குவது நல்லது.

ரசிகர் சங்கம் பஸ் பிடிக்கிறது என்றால் தூரத்தைவிட டிரைவரின் வேலை நேரச் சட்டம்தான் முதலில் இடிக்கும். பிரிட்டனில் நெடுந்தூர பஸ் டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை நீட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். பஸ்ஸின் வேகம் மணிக்கு 62 மைலில் பூட்டப்பட்டிருக்கும். ரிப்பேர் நடக்கும் சாலைகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஐம்பது வந்தாலே பெரிது. ஒன்பது மணி நேரத்தில் 450 மைல், ஒரு வழிக்கு 225. காகிதத்தில் அது எல்லை. டிரைவர் வேலையில் ஏறியதிலிருந்து இறங்கும் வரையிலான மொத்த நேரத்துக்கும் வரம்பு உண்டு: சாதாரணமாக 13 மணி, சில நாட்களில் 15. மைதானத்தில் நிற்கும் மூன்று நான்கு மணி நேரமும் இதற்குள் வரும். ஆகவே 200 மைலைத் தாண்டினால் இரண்டாவது டிரைவருக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.

இதில் ஏமாறுவது எங்கே என்றால், சங்கங்கள் போன பருவத்துக் கட்டணத்தையே வைத்து ஆள் சேர்த்துவிடுகின்றன. பஸ் 900 பவுண்ட், இரண்டாவது டிரைவருக்கு 250 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 45 பேர் ஏறினால் தலைக்கு 26 பவுண்டுக்குள் முடியும். 25 பேர்தான் வந்தார்கள் என்றால் 46. நீண்ட பயணத்துக்கு ஆள் குறைவதும் செலவு ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். முன்பணம் வாங்காமல் பஸ்ஸை உறுதி செய்யக் கூடாது.

படி இறங்கினால் பஸ் போய் மினிபஸ் வரும். நான்காம் படியில் முப்பது நாற்பது மைல் பயணங்கள் சாதாரணம். 16 பேர் வண்டி போதும், சங்கத்திலேயே ஒருவர் ஓட்டிவிடலாம். யார் ஓட்டலாம் என்பதில்தான் சிக்கல். 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமம் வாங்கியவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் டி1 உரிமையும், வாடகைக்கு ஓட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு, சேர்ந்தே வந்தது. அதற்குப் பின் வாங்கியவர்கள், சில விலக்குகள் தவிர, தனித் தேர்வு எழுத வேண்டும். ஆகப் பல சங்கங்களில் ஸ்டீயரிங் ஐம்பது வயது தாண்டியவர் கையில்தான்.

மேலேறும் பக்கத்தின் உச்சக்கட்ட உதாரணம் ட்ரூரோ. கார்ன்வால் மாவட்டத்திலிருந்து நேஷனல் லீகை எட்டிய முதல் அணி. 2023 வரை மூன்றாம் படி. அதே வருஷம் சவுத், 2025-இல் நேஷனல் லீக். இரண்டு ஏற்றத்தில் நடந்தது என்னவென்றால், பக்கத்துப் போட்டி என்று சொல்லிக்கொள்ள எண்பது மைல் சொச்சத்தில் இருந்த டார்க்கி கீழேயே தங்கிவிட்டது. யோவில்தான் இனி கிட்டத்து ஊர் என்றாயிற்று. மறுமுனையில் கேட்ஸ்ஹெட், ஒரு வழிக்கு ஏறத்தாழ 450 மைல். மேலே சொன்ன டிரைவர் கணக்கில் ஒரு பக்கம் போவதிலேயே ஒரு டிரைவரின் நாள் முடிந்துபோகும். அதே மே மாதம் மேலிருந்து கார்லைலும் விழுந்து வந்து சேர்ந்தது. அங்கிருந்து ட்ரூரோவுக்கு ரயிலில் எட்டு மணி நேரம் பிடிக்கும்.

ட்ரூரோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் நைட் ரிவியரா என்ற இரவு ரயில் ட்ரூரோவில் நிற்கும். வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை காலை அங்கே. ஆனால் சனிக்கிழமை இரவு அந்த ரயில் ஓடாது. போக வசதி, வர வசதியில்லை. ஆட்டம் ஐந்து மணிக்கு முடியும், மைதானமோ ஊருக்கு வெளியே லங்கார்த்தில், ஸ்டேஷனிலிருந்து மூன்று மைலுக்கு மேல். மாலை ரயிலைப் பிடிக்க விரும்பினால் ஊர் பஸ்ஸை நம்பாமல் டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு வரை தங்கக் கணக்குப் போடுங்கள்.

தூரத்தைத் தாண்டி, ஏற்றம் இன்னொன்றையும் மாற்றும்: பீர். மைதானங்களில் மதுவைக் கட்டுப்படுத்த 1985-இல் வந்த சட்டத்தின் கீழ் மேல் நான்கு பிரிவுகளும் நேஷனல் லீகும் வருகின்றன. நார்த், சவுத் வரவில்லை. அதாவது இரண்டாம் படியில் கையில் கோப்பையோடு கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்க்கலாம். ஒரு படி ஏறியதும், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது. போகும் பஸ்ஸில் மது வைத்திருப்பதே குற்றம், மினிபஸ்ஸுக்கும் இது பொருந்தும். புதிதாக ஏறிய அணியின் ரசிகர்கள் ஆகஸ்ட் மாதம் பழைய பழக்கத்தில் டிக்கியில் கேன்களை ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்வது இதனால்தான்.

பிரித்து நிறுத்துவதும் அப்படியே. கீழ்ப்படிகளில் இரு அணி ரசிகர்களும் கலந்து நிற்பார்கள். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் எதிர்க் கோல் பக்கம் நடந்து போய் நிற்கும். நான்-லீகின் பெரிய சுகமே அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். மேலே கார்லைல், ரோச்டேல், சவுத்எண்ட் மாதிரி பழைய லீக் அணிகள் ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டி வரும்போது தடுப்பு, தனி வாசல், முன்பதிவு டிக்கெட் எல்லாம் வரும். இறங்கிவந்த பெரிய அணியின் ரசிகருக்கு இது தலைகீழ் அதிர்ச்சி: டாம்வொர்த், பிரெயின்ட்ரீ மாதிரி சின்ன மைதானங்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கும் இடம் அவர்களின் வழக்கமான கூட்டத்துக்குப் பற்றாது. வாசலில் பணம் கட்டி நுழையலாம் என்று நம்பிப் போகக் கூடாது.

எந்தப் படியானாலும் பயணத்தைக் கெடுப்பவை இரண்டு: கோப்பைப் போட்டி, மழை. எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்றுகள் செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் வரும். இரண்டு அணிகளில் ஒன்று கோப்பையில் நீடித்தாலே அன்றைய லீக் ஆட்டம் செவ்வாய் இரவு 7.45-க்குப் போய்விடும். ஆட்டம் சமனில் முடிந்தால் ஆடும் மறு ஆட்டம் பிரதான சுற்றுகளில் 2024-25 முதல் ஒழிந்துவிட்டது. தகுதிச் சுற்றுகளில் இன்னும் உண்டு. ஆக மூன்று வாரம் முன்பே வாங்கிய மலிவு அட்வான்ஸ் டிக்கெட் வீண். அட்வான்ஸுக்குப் பணம் திரும்பாது. ஆனால் ரயில் கிளம்புமுன் வேறு தேதிக்கு மாற்றலாம், மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். அந்த இரு மாதங்களுக்கு ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) டிக்கெட்டே வாங்குங்கள். மூன்று பேர் சேர்ந்தால் குரூப்சேவில் பல தடங்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

மழைக்காலத்தில் ஆடுகளத்தைப் பரிசோதித்து ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்வது பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணிக்கு. நீண்ட பயணக்காரர் அதற்குள் பாதி வழியில் இருப்பார். இங்கே 3ஜி செயற்கைப் புல் மைதானங்கள் வரம், டாம்வொர்த் அப்படிப்பட்டது. ஜனவரியில் தொலைதூர ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் 3ஜி ஊரையே தேர்ந்தெடுக்கலாம். அந்த அணி லீக் டூவுக்கு ஏறிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், ஏனென்றால் அங்கே செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. 2021-இல் சட்டன் யுனைடெட், 2024-இல் புரோம்லி இரண்டும் கம்பளத்தைப் பெயர்த்துவிட்டுப் புல் போட்டன.

டிசம்பர் 26 ஆட்டம் வேறு ரகம். அன்று நாட்டில் ரயில் அநேகமாக ஓடவே ஓடாது. அதனால்தான் அன்றைக்குப் பக்கத்து ஊர் அணிகளை ஜோடி சேர்க்கிறார்கள். பக்கத்தில் ஊரே இல்லாத அணிக்கு மாட்டினால் கார் ஒன்றே வழி.

பருவக் கடைசியில் மேலே ஏறும் இன்னொரு இடத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபுக்கு முன்பதிவு என்ற பேச்சே இல்லை. புள்ளிப் பட்டியலில் மேலே இருக்கும் அணியின் மைதானத்தில் ஒற்றை ஆட்டம். யாரோடு, எங்கே என்பது சில நாட்களுக்கு முன்புதான் தெரியும். நேஷனல் லீக் இறுதி மட்டும் வெம்ப்லியில், அதனால் தேதி முன்பே தெரியும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே பஸ் கம்பெனியிடம் பேசி, பணம் கட்டாமல் இரண்டு தேதிகளைப் பிடித்து வைக்கும் சங்கங்கள்தான் தப்பிக்கின்றன.

பிரிவு ஒதுக்கீடு மே மாதம், ஆட்ட அட்டவணை ஜூலை மாதம். இடைப்பட்ட வாரங்களில் தங்குமிடம் போட வேண்டாம்; ஒதுக்கீட்டை எதிர்த்து அணிகள் முறையிடலாம், சில சமயம் ஏதாவதொரு அணி நிதி நெருக்கடியில் விழுந்து மொத்தக் கோடும் நகரும். அட்டவணை வந்த அன்றே முதலில் குறிக்க வேண்டியது சனிக்கிழமைகளை அல்ல, 200 மைலுக்கு மேலான செவ்வாய்க்கிழமைகளை. அவற்றுக்கு அலுவலகத்தில் செவ்வாய் மதியம், புதன் காலை இரண்டுக்கும் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.