இராஜமலையில் ஒரு காலைப்பொழுது

போடியிலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில் பலமுறை சென்றிருக்கிறோம். ஆனாலும் வரையாட்டைப் பார்ப்பதற்காகவே குடும்பத்தோடு புறப்பட்டது 2025 ஏப்ரலில், சித்திரை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். என் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான் என நால்வரும் விடியும் முன்பே கிளம்பி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைந்தபோது, கீழே எங்கள் ஊர்ப்பக்கத்து வெயில் மறந்தே போயிருந்தது. அம்மா வெள்ளாடும் செம்மறியும் வளர்த்தே எங்களைப் படிக்க வைத்தவர். அந்த மலை உச்சியில் வாழும் ஆட்டை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மூணாற்றுக்கு அருகே 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா, ஒரு காலத்தில் கண்ணன் தேவன் மலைத் தோட்ட அதிகாரிகளின் வேட்டைக்களமாக இருந்தது. 1971-இல் கேரள அரசு சட்டமியற்றி அந்த நிலங்களை மீட்டெடுத்தது. பின்னர் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் இப்பகுதி அறிவிக்கப்பட்டது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதன் எல்லைக்குள்தான் எழுந்து நிற்கிறது. வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடி, ஏப்ரலில் மீண்டும் திறப்பார்கள். குட்டிகளைத் தாயோடு பார்க்கலாம் என்பதால்தான் இந்த மாதத்தைத் தேர்ந்துகொண்டோம்.

வனத்துறைப் பேருந்து தேயிலைத் தோட்டங்களைக் கடந்து எங்களை இராஜமலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மேலேறும் தார்ச்சாலையில் நடந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் நாங்கள் இறங்கிய நேரத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் விலகவில்லை. மகள் முகம் வாடிவிட்டது. எங்களோடு வந்தவர்களில் பலர் அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார்கள். அம்மா மட்டும் சேலைத் தலைப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் அமர்ந்து, "பேசாம இரு தாயி, மேய்ச்சலுக்கு வந்த ஆடு இங்கனதான் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதுபோலவே முதலில் காதுக்குத்தான் எட்டியது: பாறையில் குளம்பு உரசும் ஒலி, அதையடுத்துச் சிறு கற்கள் உருளும் ஒலி. பனி ஒரு பக்கமாகக் கிழிந்து விலகியபோது, சாலையிலிருந்து நான்கைந்து முழம் தொலைவில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு பெண் வரையாடு நின்றுகொண்டிருந்தது. பின்னோக்கி வளைந்த குட்டையான கொம்புகள்; உடல் முழுவதும் பனித்துளிகள். அதன் வயிற்றடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி, எங்களைக் கண்டதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மடிக்குள் நுழைந்துகொண்டது.

"நம்ம ஆடு மாதிரியே ரெண்டு காம்பு. குட்டிக்கு மூணு மாசம் நெறஞ்சிருக்காது" என்று அம்மா மெல்லச் சொன்னார். அவர் கணக்கு தவறாது; இங்கே பெரும்பாலான குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில்தான் பிறக்கின்றன. பார்வைக்கு வெள்ளாட்டின் சாயல் இருந்தாலும், மரபணு அடிப்படையில் வரையாடு செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, அதன் குட்டை வாலையும் அடர்ந்த மயிரையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார்.

சற்று நேரத்தில் மேலும் ஏழெட்டு ஆடுகள் சரிவில் தெரிந்தன. அவற்றில் ஒன்று முதிர்ந்த கடா. ஏறக்குறைய கருமையான உடலும், முதுகில் சேணம் இட்டதுபோல் வெள்ளிநிறத் திட்டும் இருந்ததால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரிந்தது. தாய் ஆடு சாலையோரத்துக்கு இறங்கி வந்து ஈர மண்ணை நக்கியது. அது உப்புக்கு அலைகிறது என்றார் அம்மா. தோட்டக்காரர்கள் அந்நாளில் உப்பு வைத்துப் பழக்கியதால்தான் இராஜமலை ஆடுகள் மனிதர்களுக்கு அஞ்சுவதில்லை என்று சொல்வதுண்டு.

அந்த அச்சமின்மையே எனக்குக் கவலையையும் தந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் இளைஞர் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் குட்டியை நோக்கிக் கையை நீட்டினார். வனக்காவலர் வந்து தடுப்பதற்குள் என் மகளே குறுக்கே போய், "அண்ணா, குடுக்காதீங்க, அதுக்கு வயித்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் கோணாமல் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டார். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு இது. அதே மாத இறுதியில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலுமாக 2,600-க்குச் சற்று மேல்தான் தேறின. நம் மாநில விலங்கான வரையாட்டை மிக அதிக எண்ணிக்கையில் காண, நாம் மாநில எல்லையைத் தாண்டி இரவிகுளத்துக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. முக்கூர்த்தியிலும் வால்பாறைச் சரிவுகளிலும் இப்படிப் பெருமந்தைகள் மேய வேண்டும் என்று மனம் ஏங்கியது.

திரும்பி நடக்கையில் சாலையோரத்துப் பச்சைப் புதர்களைக் காட்டி, அவைதான் குறிஞ்சி என்றும், 2018-இல் பூத்தவற்றின் விதையில் முளைத்த இவை 2030-இல்தான் பூக்கும் என்றும் மகளிடம் சொன்னேன். அப்போது தனக்குப் பதினான்கு வயது ஆகியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணியவள், "அப்பத்தா, அந்தக் குட்டி அப்ப எவ்வளவு பெருசா இருக்கும்?" என்று கேட்டாள்.

"பொட்டைக் குட்டிதான், பாத்தேன். அதுக்குள்ள ரெண்டு ஈத்தாவது ஈன்டிருக்கும்" என்றார் அம்மா.