கொம்பு வந்தால் தடுமாறும் பிள்ளைகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அ முதல் ன வரை தாளம் தப்பாமல் ஒப்பித்துவிடும். அட்டவணையின் நடுவில் இருக்கும் ‘ட’வைத் தொட்டுக் காட்டினால் விழிக்கும். ஒப்பிப்பதை நம்பி ஜூன், ஜூலையைக் கடத்தினால் கடலூர்ப் பக்கம் பெரிய சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுமுறை மேல் விடுமுறை வரும். அதற்குள் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, பொங்கலுக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

அதனால் அகர வரிசையை விட்டு, ட, ப, ம என்று தொடங்குவது நல்லது. ட இரண்டே கோடு, ப மூன்று கோடு, ம அதிலிருந்து ஒரு வளைவு. புள்ளியையும் அப்போதே சொல்லிக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். க, ல சேர்ந்தால் கல், பல், கடல், கப்பல். கடலும் கப்பலும் இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த பொருள்கள், படம் காட்டி விளக்க வேண்டியதில்லை. ‘பானா, டானா’ என்று பெயர் சொல்லிக் கூட்டப் பழக்காதீர்கள், ஒலி சேராது. ப… ட… ம் என்று இழுத்து, பிறகு வேகமாகச் சொல்ல வையுங்கள்.

மணலில் விரலால் எழுத வைக்கக் கடற்கரை மணலை அள்ளி வந்தால், உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகிவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சலித்துத் தட்டில் கொட்டுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய ஒரு விரல் கனம் போதும்.

அடுத்தது கால். ‘பலா’வைப் பிள்ளை ‘பலர’ என்று வாசித்தால் அது கவனக்குறைவு இல்லை. காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கின்றன. ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோட்டைக் காட்டி, ‘மரம்’, ‘மாடம்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வைத்தால் சில நாளில் தெளியும்.

உண்மையான மேடு கொம்புதான். ‘கெ’யில் காது முதலில் கேட்பது க், பிறகு எ. கண் முதலில் பார்ப்பதோ கொம்பு. காதுக்கும் கண்ணுக்கும் வரிசை மாறுவதால், பிள்ளை எழுதும்போது கொம்பை வலப்பக்கம் போடும், வாசிக்கும்போது கொம்பிலேயே நின்றுவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, எழுத்துக்குக் கறுப்பு, கொம்புக்கும் காலுக்கும் சிவப்பு மையில் எழுதுங்கள். ‘க’வைத் தரையில் வையுங்கள். நீங்கள் ‘கெ’ சொல்ல, பிள்ளை கொம்பு அட்டையை இடப்பக்கம் வைக்கட்டும். “கொம்பைப் பார்த்தா வாயைத் திறக்காதே, பக்கத்து எழுத்தையும் பாரு” என்று ஒரே சொற்களில் தினமும் சொல்லுங்கள். கொ, கோ வரும்போது மூன்று அட்டை. நடுவில் இருக்கும் எழுத்தை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க வேண்டும் என்பது கையில் பதிந்தால்தான் கண்ணுக்கு எட்டும். ஒற்றைக் கொம்பு நிலைத்த பிறகே இரட்டைக் கொம்பு. ஒரே நாளில் இரண்டையும் தந்தால் நெல்லும் தேளும் குழம்பிவிடும்.

சொற்களை ஊரிலிருந்தே எடுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் நெத்திலி, பண்ருட்டிப் பக்கம் கொடி, தொட்டி. இரண்டு கொம்பும் பழகியதா என்று பார்க்க ‘நெய்வேலி’ ஒன்றே போதும்.

உகர வரிசையில் 18 எழுத்தையும் வரிசையாக ஓட்டுவது வீண். கு, டு, மு, ரு ஒரு குடும்பம். பு, சு, வு இன்னொன்று. து, நு, லு, று மூன்றாவது. ஙுவும் ஞுவும் அந்த வயதில் எந்தச் சொல்லிலும் வரப்போவதில்லை.

சொல்வதை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் ‘வூடு’, ‘பளம்’ என்று எழுதும். வீட்டில் பேசுவதைக் காது சரியாகப் பிடித்து, அதற்கு எழுத்தும் கண்டுபிடித்திருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். சிவப்பு மையால் அடிக்காமல், பக்கத்தில் ‘வீடு’ என்று எழுதி வாசித்துக் காட்டினால் போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது, முதல் மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளிகளுக்கு மிகவும் பொருந்துகிறது. மலர் நிலைப் பிள்ளையை அரும்புப் பிள்ளையோடு அட்டை வைக்க உட்காரவிட்டால், ஆசிரியருக்கு மொட்டுக் குழுவோடு கால் மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் நீட்டினால் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. புதுப்பாடத்தை முதல் பாடவேளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வயிறு நிறைந்த நேரம் அது. பல்பத்தை ஓயாமல் தின்னும் பிள்ளையைத் திட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், பெற்றோரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

ஒலிகள் சேரத் தொடங்கும் நாளை முகத்திலேயே பார்க்கலாம். உதடு மெல்ல அசையும், புருவம் சுருங்கும், ‘க… ட… ல்’ என்றது திடீரென்று ‘கடல்!’ ஆகும். அதன் பிறகு பிஸ்கட் உறை, பேருந்துப் பலகை, சுவரொட்டி எதையும் விடாமல் வாசித்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. அந்த நேரத்தில் “அப்புறம் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா, அம்மா!

மழை விடுமுறை அறிவிப்பு வரும் முன்பே ஆளுக்குப் பத்து அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பள்ளி திறந்ததும் முதல் இரண்டு நாள் புது எழுத்து வேண்டாம், கொம்பு அட்டையையே திரும்ப எடுங்கள். முதலில் மறந்துபோவது அதுதான்.