முகம் தெரியவில்லை

வெளிநாட்டில் படிக்கப் புதிதாகக் கிளம்பி வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, அறை, குளிருக்கு என்ன எடுத்து வருவது என்பதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு, மனசைப் பற்றியது, அதை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

முதல் செமஸ்டரில் ஒரு தேர்வை அறையிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. கேமரா வழியாகக் கண்காணிக்கிற மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் போடச் சொன்னார்கள். தேர்வுக்குக் கால் மணி நேரம் முன்னால் திறந்தால் 'முகம் தெரியவில்லை, வெளிச்சத்தைச் சரிசெய்யவும்' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. எல்லா விளக்கையும் போட்டேன், முடியை இழுத்துக் கட்டினேன், கண்ணாடியைக் கழற்றினேன். கடைசியில் மேசை விளக்கை எடுத்து முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்த பிறகுதான் பச்சை வந்தது. அசைந்தால் மறுபடி நின்றுவிடுமோ என்று பயந்து, கழுத்தை விறைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் கண்ணீர் வழிய இரண்டரை மணி நேரம் டைனமிக் புரோகிராமிங் கேள்விகளுக்குப் பதில் எழுதினேன்.

அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. நல்ல லேப்டாப்பாகப் பார்த்து வாங்காதது என் தப்பு என்றுதான் தோன்றியது.

அந்த நினைப்பு அப்புறம் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. எங்கள் அசைன்மென்ட்டுகளை ஒரு புரோகிராம்தான் திருத்தும். நாம் எழுதியதை ஓட்டி, வரும் விடை எதிர்பார்த்த விடைதானா என்று பார்க்கும் சோதனைக்கு டெஸ்ட் கேஸ் என்று பெயர். 20 டெஸ்ட் கேஸில் 14 பாஸ் என்று காட்டும், எது ஏன் தவறு என்று சொல்லாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வரியை மாற்றி அனுப்புவேன், 13 ஆகும். பக்கத்தில் உட்காருபவர்களிடம் நாம் எழுதிய புரோகிராமைக் காட்டக் கூடாது என்று விதி, பொதுவாகச் சந்தேகம் கேட்கலாம்தான், ஆனால் கேட்டால் 'இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் அனுப்பினால் சிலது ஐந்தே நிமிடத்தில் மறுப்பாகத் திரும்பி வரும். அதற்குள் எந்த மனிதரும் அதைப் படித்திருக்க முடியாது, ஆனாலும் யாரோ என்னை உட்காரவைத்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மாதிரியே வலிக்கும். தூக்கம் வராமல் போனைத் திறந்தால் யாருக்காவது வேலை கிடைத்த செய்தி, அதில் விரல் ஒரு நொடி நின்றால் அதே மாதிரி இன்னும் பத்து. அந்த வரிசையைத் தீர்மானிக்கும் அல்காரிதம், அதாவது கம்ப்யூட்டர் பின்பற்றும் கணக்குமுறை, நாம் எதில் நிற்போம் என்று கணிக்கிறது, அவ்வளவுதான். பிடித்து நின்றோமா வலித்து நின்றோமா என்பது அதற்கு ஒன்றுதான். இதைப் பகலில் வகுப்பில் படித்துவிட்டு ராத்திரி அதிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

அம்மா போன் செய்து "தூங்கினியாம்மா?" என்று கேட்பார். தூங்கினேன் என்பேன். அங்கே விடியும்போது எனக்கு நடுராத்திரி என்பதை அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது செமஸ்டரில் ஒரு வகுப்பில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்திருந்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. புவோலம்வினி மாணவியாக இருந்தபோது, கேமரா தன் முகத்தைக் கண்டுகொள்ள வெள்ளை முகமூடி மாட்ட வேண்டியிருந்தது என்றும் சொன்னார்கள். என் மேசை விளக்கு ஞாபகம் வந்தது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனேன். இது விசாவைப் பாதிக்குமா, பேராசிரியர்களுக்குத் தெரியுமா என்று முதலிலேயே கேட்டேன், இரண்டும் இல்லை என்றார். இந்தப் பயத்தினாலேயே போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர், நீங்களும் முதலில் இதையே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எனக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. உன் மொழியிலேயே சொல், அப்புறம் விளக்கு என்றார். "மனசு விட்டுப்போச்சு" என்றேன், அதை விளக்கத்தான் அந்த ஒரு மணி நேரமும் போனது.

தகுதி இருந்தும் தன்னைப் போலி என்று நினைப்பதற்கு 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 'இம்போஸ்டர்' என்று பெயர் வைத்ததை அவர்தான் சொன்னார். உதவியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பெயரில் போட்டு மூட எனக்குச் சம்மதமில்லை. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனாவால் பள்ளித் தேர்வு நடக்காமல் போக, அந்தந்தப் பள்ளியின் பழைய முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு அல்காரிதம் கிரேடு போட்டது. சுமார் 40 சதவீத கிரேடுகள் ஆசிரியர்கள் மதிப்பிட்டதைவிடக் குறைவாக வந்தன, பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு அதைக் கைவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் தன்னம்பிக்கை வேண்டும் என்று சொன்னால் அது நியாயமா? தூக்கமும் பேச்சுத்துணையும் என்னைத் தேற்றின, அது உண்மை. விளக்கைத் திருப்ப வேண்டியது நான் இல்லை என்று தெரிந்தது அதே அளவு தேற்றியது.

இப்போது ஆராய்ச்சி மாணவியாக, முதல் செமஸ்டரில் நான் படித்த அதே பாடத்துக்கு உதவியாளராக இருக்கிறேன். போன மாதம் முதல் செமஸ்டர் மாணவி ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. மூன்று ராத்திரியாக ஒன்பதாவது டெஸ்ட் கேஸ் பெயில், தனக்கு இந்தப் படிப்பே சரிவராது போல என்றாள். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்டுவிட்டு அவள் புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒன்பதாவது கேஸில் எதிர்பார்க்கும் விடைதான் தவறு, அந்தக் கேஸை எழுதியது நான். அன்று சாயங்காலமே எல்லோருடைய மதிப்பெண்ணையும் மறுபடி கணக்கிட்டு, 'தவறு உங்களுடையது இல்லை, என்னுடையது' என்று முழு வகுப்புக்கும் மெயில் அனுப்பினேன்.