கேம் கிராஷ் ஆகுதா? ரேமையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க

கேம் கிராஷ் ஆனா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது கிராஃபிக்ஸ் டிரைவர்லதான். அத அழிச்சுட்டு திரும்ப போடுவோம், கேமையும் அழிச்சுட்டு திரும்ப டவுன்லோட் பண்ணுவோம், அதுக்கும் மசியலன்னா விண்டோஸையே தூக்கிடுவோம். ரேம் மேல மட்டும் சந்தேகமே வராது, பிசி ஆன் ஆகுது, பிரவுசர் ஓடுது, அப்புறம் என்னன்னு ஒரு நெனப்பு.

என் பிசி ஆடுன ஆட்டம் இருக்கே. சில நேரம் லோடிங் ஸ்கிரீன்லயே டெஸ்க்டாப்புக்கு தூக்கிப் போடும், சில நேரம் மணிக்கணக்குல சமத்தா ஓடிட்டு திடீர்னு ப்ளூ ஸ்கிரீன், அதுலயும் ஒரு தடவ மெமரி மேனேஜ்மென்ட்னு வரும், அடுத்த தடவ பேஜ் ஃபால்ட்னு வரும். ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் எரரெல்லாம் எழுதி வைக்கிற எடம்) பாத்தா ஆக்சஸ் வயலேஷன், அதாவது தொடக்கூடாத மெமரிய தொட்ட எரர், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற டிஎல்எல் (புரோகிராம் பயன்படுத்துற துணை ஃபைல்) பேர்ல. துப்பே இதுதான். ஒரே மிஷன்ல ஒரே கதவ திறக்கும்போது மட்டும் கிராஷ் ஆச்சுன்னா தப்பு பெரும்பாலும் கேம் மேல. எடமும் மாறுது எரரும் மாறுதுன்னா ஹார்ட்வேர் பக்கம் திரும்பணும். ஒரு பெரிய ஜிப் ஃபைல விரிச்சப்போ சிஆர்சி எரர் (ஃபைல்ல இருக்கறது சரியான்னு பாக்குற கணக்கு ஒத்து வரல) வந்துச்சு, அதே ஃபைல உடனே திரும்ப விரிச்சா ஒண்ணுமே இல்ல. கெட்டுப்போன ஃபைல் தானா சரியாகுமா என்ன, நடுவுல எங்கயோ பிட் மாறுது.

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பிய, அதாவது ரேம வேகமா ஓட்டுற செட்டிங்க (ஏஎம்டி டிடிஆர்5 போர்டுன்னா எக்ஸ்போ) ஆஃப் பண்ணுங்க. டிடிஆர்4 ரேம் பெட்டி மேல 3600னு பெருசா போட்டிருப்பான், ஆனா அது எக்ஸ்எம்பி ஆன் பண்ணி, வழக்கமான 1.2 வோல்ட்டுக்கு பதிலா 1.35 வோல்ட் குடுத்தாதான் வர்ற வேகம். உண்மைல அது ஓவர்கிளாக், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல ஓட்டுறது. சிபியுக்குள்ள இருக்கற மெமரி கன்ட்ரோலரும் அதுக்கு ஒத்துழைக்கணும், நாலு ஸ்லாட்டும் நிரப்பியிருந்தா இன்னும் திணறும். ஆஃப் பண்ணதும் கிராஷ் நின்னுட்டா ரேம் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு வேகத்த ஒரு படி கொறச்சு வச்சுக்கிட்டாலே பல பேருக்கு போதும்.

அப்பவும் கிராஷ் ஆச்சுன்னா மெம்டெஸ்ட்86, ரேம டெஸ்ட் பண்ற புரோகிராம். பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கிடுங்க. விண்டோஸ் கூட வர்ற மெமரி டெஸ்ட் சிலத கண்டுபிடிக்காம விட்டுடும், அத மட்டும் நம்பாதீங்க. செகப்பு கலர்ல ஒரே ஒரு எரர் வந்தாலும் எரர்தான், "ஒண்ணுதானே"ன்னு விடாதீங்க. எரர் வந்தா ஒரு ரேம் ஸ்டிக்க மட்டும் போட்டு டெஸ்ட், அப்புறம் அடுத்தது, பெரும்பாலான போர்டுல ஒத்த ஸ்டிக்குக்கு சிபியுலேர்ந்து ரெண்டாவது ஸ்லாட். எரர் ஸ்டிக் கூடவே போனா ஸ்டிக் காலி, எந்த ஸ்டிக்க போட்டாலும் ஒரே ஸ்லாட்ல வந்தா தப்பு போர்டு மேல, இல்லன்னா சிபியு மேல. டெஸ்ட் சுத்தமா வந்துச்சுங்கறதுக்காக மட்டும் ரேம் நல்லவன்னு சொல்லிட முடியாது, கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கெளப்புற சூடு அந்த டெஸ்ட்ல கெடையாதே.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வச்சிருக்கவங்க தனி கேஸ். "வீடியோ மெமரி போதல"ன்னு கேம் அலறும், ஆனா வில்லன் சிபியு. வோல்டேஜ் பிரச்சினைன்னு 2024ல இன்டெலே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோட வர்ற சிபியு திருத்தம்) விட்டுச்சு, வாரன்டியும் ரெண்டு வருஷம் நீட்டுச்சு. புது ரேமுக்கு காசு போடுறதுக்கு முன்னாடி பயாஸ அப்டேட் பண்ணிடுங்க, ஏற்கனவே அடி வாங்குன சிபியு அதுல சரியாகாது, வாரன்டில மாத்தணும்.

ஸ்டிக்குதான் போச்சுன்னு தெரிஞ்சா ஜோடியா வாங்குனத ஜோடியாவே வாரன்டிக்கு அனுப்புங்க. பல கம்பெனி லைஃப்டைம் வாரன்டி குடுக்குறாங்க, கடைல கேட்டா சொல்லவே மாட்டாங்க. புது ரேம் வந்ததும் கேம் ஃபைல்ஸ வெரிஃபை பண்ணுங்க, எஸ்எஃப்சி ஸ்கேனும் (விண்டோஸ் ஃபைல்ஸ சரிபாக்குறது) ஒண்ணு ஓட்டிடுங்க, ஏன்னா கெட்ட ரேம் வழியா எழுதுனது டிஸ்க்ல அப்படியேதான் கெடக்கும். அந்த நேரத்து சேவ் ஃபைலுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.