நிர்வாகி இல்லாத வீட்டில் நிர்வாகியின் பூட்டு

விண்டோஸ் கணினியில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து வைரஸ் பாதுகாப்புப் பக்கத்துக்குள் போக முயலும்போது, உங்கள் ஐடி நிர்வாகி இந்தச் செயலியின் சில பகுதிகளைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார், நீங்கள் தேடிய பக்கம் கிடைக்காது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வருவதுண்டு. வேறு சில கணினிகளில் பக்கம் திறக்கும். ஆனால் நிகழ்நேரப் பாதுகாப்புக்கான பொத்தான் மங்கிப்போய் அசைக்க முடியாதபடி இருக்க, அதற்கு மேலே இந்த அமைப்பு உங்கள் நிர்வாகியின் பொறுப்பில் உள்ளது என்று ஒரு வரி தெரியும். வங்கிக் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இதைக் கண்டால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் பதிவு செய்யவும், சிட்டாவும் அடங்கலும் எடுக்கவும், மகளின் கல்லூரி வேலைகளுக்கும் பயன்படுகிற வீட்டுக் கணினியில் இது வந்தால், யார் அந்த நிர்வாகி என்று கேட்கத்தான் தோன்றும். அப்படிக் கேட்டு என்னை அழைத்த ஒரு குடும்பத்தின் கணினியைச் சரிசெய்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

விடை எளிது: அப்படி ஒருவர் இல்லை. நிறுவனங்கள் தங்கள் கணினிகளுக்கு விதிக்கும் கொள்கைகளை எழுதி வைப்பதற்கென்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ஏட்டில், ‘பாலிசிஸ்’ என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரைப் பற்றி ஏதாவது எழுதப்பட்டிருந்தால், எழுதியது நிறுவனத்தின் அதிகாரியா, இலவச மென்பொருள் ஒன்றின் நிறுவியா, தீநிரலா என்று விண்டோஸ் ஆராய்வதில்லை. நிர்வாகி சொன்னதாகவே எடுத்துக்கொண்டு நம்மை வெளியே நிறுத்துகிறது. ஆகவே பூட்டை உடைப்பதற்கு முன்னால் பூட்டியது யார் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இணையத்தில் உலவும் பெரும்பாலான காணொளிகள் இந்த முதல் வேலையைத் தாண்டிக்கொண்டு நேராக ஒரு கட்டளையை ஒட்டச் சொல்கின்றன. அதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

முதலில் பார்க்கவேண்டியது செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் உள்ள ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ என்னும் பக்கம். வீட்டிலிருந்து வேலை பார்த்த மகனின் அலுவலகக் கணக்கோ மகளின் கல்லூரிக் கணக்கோ அங்கே இணைக்கப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் கொள்கைகள் இந்தக் கணினிக்கும் இறங்கியிருக்கலாம். கணினி நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றால் அதைத் தொடாமல் அவர்களிடமே கேட்பதுதான் முறை. சொந்தக் கணினி என்றால், நிர்வாக உரிமையுள்ள வேறொரு கணக்கு கணினியில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு இணைப்பைத் துண்டிக்கலாம். நிறுவனங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள் இரண்டாம் கை விற்பனைக்கு நம் ஊர்க் கடைகளிலும் நிறையக் கிடைப்பதால் இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது. வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்வது இயல்பு. அது பூட்டு ஆகாது.

நான் பார்த்த கணினியில் இவை எதுவும் இல்லை. பணம் கொடுத்து வாங்காத ஓர் ஆஃபீஸ் மென்பொருளை இயக்குவதற்காக, அந்த வீட்டுப் பையன் இலவச ‘ஆக்டிவேட்டர்’ ஒன்றை இறக்கியிருந்தான். அதனுடன் வந்த குறிப்புக் கோப்பில், நிறுவுவதற்கு முன் ‘டேம்பர் புரொடெக்‌ஷ’னை அணைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமா, அப்படிச் செய்தால்தான் வேலை செய்யும் என்று போட்டிருந்தார்கள் என்றான். 2019இல் விண்டோஸ் 10உடன் வந்த இந்தப் பாதுகாப்பு, டிஃபெண்டரின் அமைப்புகளை வெளி நிரல்கள் மாற்றவிடாமல் தடுப்பதற்காகவே இருக்கிறது. வெளியிலிருந்து எளிதில் திறக்க முடியாத கதவை வீட்டுக்காரர் கையாலேயே திறக்கச் சொல்லும் குறிப்பு அது என்பதால், அப்படி ஒரு வரி எந்த மென்பொருளுடன் வந்தாலும் அந்த மென்பொருளை அப்போதே அழித்துவிடுவது நல்லது.

சரிசெய்யும் வழி விண்டோஸின் பதிப்பைப் பொறுத்தது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியின் கடைசியில் உள்ள ‘அபவுட்’ பக்கத்தில் ஹோமா புரோவா என்று தெரிந்துவிடும். புரோ பதிப்பில், இந்தக் கொள்கைகளைப் பார்த்து மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனண்ட்ஸ் என்ற வரிசையில் இறங்கினால் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸுக்கும் விண்டோஸ் செக்யூரிட்டிக்கும் தனித்தனிக் கிளைகள் இருக்கும். முன்னதில் டிஃபெண்டரை அணைக்கும் கொள்கையையும், பின்னதில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியை மறைக்கும் கொள்கையையும் ‘நாட் கான்ஃபிகர்டு’ என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பலர் ‘டிசேபிள்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அணைக்காதே என்று சொல்வதும் ஒரு விதிதான். விதி ஒன்று எழுதப்பட்டிருக்கும் வரை அது நிர்வாகியின் விதியாகவே கணக்கில் இருக்கும்.

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஹோம் பதிப்பு. அதில் அந்த எடிட்டரே கிடையாது. அதனால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் கிளையைத் திறந்து, சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போக வேண்டும். அங்கே ‘விண்டோஸ் டிஃபெண்டர்’, ‘விண்டோஸ் டிஃபெண்டர் செக்யூரிட்டி சென்டர்’ என்ற இரண்டு பெயர்களைப் பார்க்கவேண்டும். முதலாவதில் டிஃபெண்டரையோ நிகழ்நேரக் கண்காணிப்பையோ முடக்கும் மதிப்புகளும், இரண்டாவதில் ‘யுஐ லாக்டவுன்’ என்ற மதிப்பும் இருந்தால் தேடிய பூட்டு அதுதான். யார் விதியும் இல்லாத வீட்டுக் கணினியில் இந்த இடம் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். அழிப்பதற்கு முன் அந்தக் கிளையை ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பாலிசிஸ் என்ற படி இல்லாமல், சாஃப்ட்வேருக்குக் கீழே நேராக மைக்ரோசாஃப்ட் கிளையிலும் விண்டோஸ் டிஃபெண்டர் என்ற அதே பெயர் உண்டு; அது டிஃபெண்டரின் சொந்த உடைமை, அதில் கை வைத்தால் இருந்த பாதுகாப்பும் போய்விடும். டிஃபெண்டரை அடியோடு அணைப்பதற்கென்று முன்பு இருந்த மதிப்பை 2020 ஆகஸ்ட் முதல் வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் பொருட்படுத்துவதில்லை. எனவே அந்த ஒன்றை மட்டும் சுழியமாக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்றிப் பயன் இல்லை.

அழித்துவிட்டுக் கணினியை மீண்டும் இயக்கினால் அந்த வீட்டில் பூட்டு திரும்பவும் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம் 32 என்பதற்குள்ளே, மறைக்கப்பட்ட ‘குரூப் பாலிசி’ என்ற கோப்புறை ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் ரெஜிஸ்ட்ரி பாலிசிக் கோப்பில் விதி எழுதப்பட்டிருந்தால், நாம் ரெஜிஸ்ட்ரியில் அழிப்பதைக் கணினி அங்கிருந்து மறுபடி எழுதிக்கொள்ளும். தலைமதகைத் திறந்துவிட்டு வயலில் நின்று தண்ணீர் இறைக்கிற வேலைதான் அது. அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றி வைத்து, ரெஜிஸ்ட்ரி மதிப்புகளை மறுபடி அழித்து, கணினியை மீண்டும் இயக்கியபோது பக்கம் திறந்தது. அதற்குப் பிறகும் விதி திரும்ப வருமானால், குறித்த நேரங்களில் நிரல்களைத் தானாக இயக்கும் ‘டாஸ்க் ஷெட்யூல’ரில் பெயர் புரியாத வேலை எதுவும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பக்கம் திறந்ததோடு எழுந்துவிடக்கூடாது என்பதே நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற விலக்குப் பட்டியல் இருக்கிறது; அதில் உள்ள கோப்புறைகளை டிஃபெண்டர் சோதிக்காது. அந்தக் கணினியில் சி டிரைவ் முழுவதுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தது. கொள்கையாக எழுதப்பட்ட விலக்குகள் பாலிசிஸ் கிளையை அழிக்கும்போது சேர்ந்தே போய்விடும். ஆனால் நிறுவி ஒன்று விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியாகச் சேர்த்த விலக்குகள் டிஃபெண்டரின் சொந்தக் கிளையில் பதிவாவதால், பூட்டு போன பிறகும் அவை அப்படியே இருக்கும். பொத்தான் உயிர்பெற்று, பச்சை நிறக் குறி தெரிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் நம்பியிருக்க, டிஃபெண்டர் எதையுமே பார்க்காமல் இருந்திருக்கும். பூட்டைக் காட்டிலும் இந்த நிலை மோசமானது. பூட்டாவது கண்ணுக்குத் தெரிகிறது. நாமே அறிந்து சேர்த்தவை தவிர மற்ற விலக்குகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, டேம்பர் புரொடெக்‌ஷனை உடனே இயக்கிவிட வேண்டும்.

அடுத்தது, ஸ்கேன் தேர்வுகளில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனை. கணினி மீண்டும் தொடங்கி, வழக்கமான விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்து ஓடும் தீநிரல் அப்போது இயங்கிக்கொண்டிருக்காது. இதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் இதைத் தொடங்க வேண்டாம். பிறகு ஒரு முழுச் சோதனையும் நடத்தினோம். ஆக்டிவேட்டரின் மிச்சங்கள் அதில் அகப்பட்டன. விதிகளெல்லாம் போன பிறகும் செயலி வெறுமையாகத் திறந்தால், விண்டோஸ் 11இல் விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘ரிப்பேர்’, ‘ரீசெட்’ என்ற இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் டிஃபெண்டரும் செத்துவிட்டது என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். விண்டோஸ் 10இல் டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் புதுப்பிப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. விண்டோஸின் சொந்த ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வேறு. அவற்றை நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துதான் பெறவேண்டும்.

கடிதமும் கணக்கும் போட அந்தக் கணினியில் லிப்ரே ஆஃபீஸ் நிறுவிக் கொடுத்தேன். அது விலையில்லாதது, ஆக்டிவேட்டர் கேட்காதது. பையனுக்கு நிர்வாக உரிமை இல்லாத ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு ஒன்றையும் தனியாக உருவாக்கினோம். அவன் முகம் சுளித்தான், அவன் அம்மா சுளிக்கவில்லை. ஆஃப்லைன் சோதனைக்குப் பிறகும் பூட்டு திரும்பி வரும் கணினியாக இருந்தால் அதனுடன் மல்லுக்கட்டாமல், படங்களையும் பத்திரங்களின் ஸ்கேன் நகல்களையும் மட்டும் வெளி வட்டில் எடுத்துக்கொண்டு, நிறுவிக் கோப்புகள் ஒன்றையும் எடுக்காமல், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவேன். இரண்டில் எந்த வழியானாலும், பூட்டு இருந்த காலத்தில் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறந்திருந்தால், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து அன்றே மாற்றிவிட வேண்டும்.